காவல் நெல்: நெல்லைச் சீமையில் ஐந்து நாள்

பிப்ரவரி 6, வெள்ளி. தென்காசி

என் தாத்தா கிராமத்துத் தலையாரி, ஊர்க் காவல்காரர். அறுப்பு முடிந்ததும் களத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு ஒரு பங்கு நெல் வந்துவிடும். ஆச்சி அதைத் தனிக் குலுக்கையில் கொட்டி வைப்பார். 'காவல் நெல்' என்று அதற்குப் பேர். அந்த நெல்லில் விருந்துச் சாப்பாடு சமைக்க மாட்டார். "ராத்திரி முழிச்சவன் சோறுளா இது" என்பார். ஆச்சி போன வருஷம் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல் மனசை விட்டுப் போகவே இல்லை. காவல் என்றால் என்ன, அதற்குக் கூலி யார் கொடுத்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்று 1500க்கும் 1800க்கும் நடுவிலான நெல்லைச் சீமையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்புறம் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

தென்காசியில் இறங்கும்போதே மலைக்காற்று. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நுழைந்தால் அந்தக் காற்றே ஆளை முன்னால் தள்ளுகிறது. சேலை முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போக முடிந்தது. வாசலில் பூ விற்ற அம்மா சிரித்தார். "புதுசா வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் தடுமாறுதாவ. ரெண்டு தரம் போயி வந்தா பழகிரும், தாயி." பிச்சிப்பூ ஒரு முழம் 40 ரூபாய். அவரே தலையில் வைத்துவிட்டார்.

பராக்கிரம பாண்டியன் இந்தக் கோயிலை 1446இல் தொடங்கினான். கோபுர வேலை தொடங்கியது 1457இல். மதுரை கைவிட்டுப் போய், பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கிவிட்ட காலம் அது. அவன் கல்லில் வெட்டி வைத்த பாட்டு ஒன்றை இங்கே பலரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, அதை யார் சரிசெய்து காப்பாற்றினாலும் அவர்களை உலகமறியப் பணிகிறேன் என்பது அதன் பொருள். பிரகாரத்தில் வெயில் படும் இடத்தில் உட்கார்ந்து அதையே வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கோயில் சொத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சபிக்கிற கல்வெட்டுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவன் கும்பிடுகிறான். பின்னால் யார் ஆளப்போகிறார்கள் என்று தெரியாத ஒரு ராஜா, முகம் தெரியாத காவல்காரன் காலில் விழுகிறான். தன் பலம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் கட்டிய கோபுரம் பின்னால் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலையோடு, சுமார் 180 அடிக்கு மறுபடி எழுந்தது. எழுப்பியவர்கள் யாவரும் அந்தக் கும்பிடுக்கு உரியவர்கள்.

அவனுக்கு நூறு வருஷம் கழித்து, 1564இல், அதிவீரராமன் இங்கே முடிசூடினான். அப்போது நிஜமான அதிகாரம் மதுரை நாயக்கர் கையில். பாண்டியன் கப்பம் கட்டினான், தமிழில் பாட்டு எழுதினான். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வெற்றிவேற்கை அவன் எழுதியதுதான். கத்தி எட்டாத இடத்துக்கும் அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது.

ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். 230 ரூபாய். சால்னா காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிமாறிய பையன் கேட்காமலே ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தான், அதை பில்லில் சேர்க்கவில்லை.

பிப்ரவரி 7, சனி. திருப்புடைமருதூர்

இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த நாள். பாதி நாள் பூட்டின கதவு முன்னால் போய்விட்டது.

நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்து ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. எப்போதும் பூட்டித்தான் இருக்கும். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கியிருந்தேன். ஆனால் சாவி வைத்திருந்தவர் வீரவநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. காலை பத்து மணிக்கு வந்தவள், பிற்பகல் இரண்டரை வரைக்கும் காத்திருந்தேன். கோபம் வந்தது உண்மை. அனுமதிக் கடிதத்தை மடித்து மடித்து அது நைந்தே போனது.

ஆனால் காத்திருக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. தாமிரபரணி இங்கே வளைந்து போகிறது. படித்துறையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி. கரை முழுக்க மருத மரங்கள், மரம் முழுக்கக் கொக்கும் நாரையும் கூழைக்கடாவும். எச்சம் தலையில் விழுமோ என்று குடையை விரித்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, "அது மேல விழுந்தா நல்லதுன்னுதான் நாங்க நெனைப்போம்" என்றார். இந்த ஊர்க்காரர்கள் பறவைக் குஞ்சு கீழே விழுந்தால் எடுத்து வளர்ப்பார்களாம். தீபாவளிக்கு மரத்தடியில் வெடி போட மாட்டார்களாம். 2005இல் அரசு இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. அதற்கு முன்பும் காவல் இருந்தது ஊர்தான், கூலி இல்லாமல்.

பசியில் முகம் வாடியதைப் பார்த்திருப்பார் போல. அந்த அக்காவே வீட்டுக்குக் கூப்பிட்டார். "கூட்டாஞ்சோறு வச்சிருக்கேன், கடையெல்லாம் இங்க கெடையாது." முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மாங்காய் எல்லாம் போட்டுக் குழைய வடித்தது. கூடவே கூழ்வற்றல். எங்கள் ஆச்சி கையின் ருசி அப்படியே. பேச்சு வரவில்லை எனக்கு. "உறைப்பா இருக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டரைக்குச் சாவிக்காரர் வந்தார். அறுபது வயதிருக்கும், நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனம். "மன்னிச்சிருங்கம்மா, போனு சட்டைப் பையிலயே கெடந்திருக்கு" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. போட்டோ எடுக்கக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, தூணில் சாயக் கூடாது. மூன்றையும் படியேறுவதற்கு முன் இரண்டு தடவை சொன்னார். செருப்பில்லாத காலில் மரப்படி செங்குத்தாக ஏறுகிறது. வௌவால் நெடி. இரண்டாம் நிலையில் உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வலி குறைந்து கண்ணைத் திறந்தால் எதிரே கப்பல்.

கப்பலில் குதிரைகள். கடல் தாண்டி வந்த குதிரைகள், கொண்டுவந்த வியாபாரிகள். சிவப்பும் காவியும் கருப்புமாக, நேற்றுத் தீட்டினது மாதிரிச் சில இடம், உப்புப் பூத்து உதிர்ந்து சில இடம். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி, மலையடிவாரத்து வயல்வெளியில், ஒரு கோயில் கோபுரத்துக்குள் இதை எதற்கு வரைந்தார்கள் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு புரிந்தது. இந்த மண்ணில் போர்க்குதிரை நன்றாக வளராது. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வாங்கவேண்டும், வந்த குதிரையும் நெடுநாள் தாங்காது, மறுபடி வாங்கவேண்டும். விஜயநகரத்துக்கும் நாயக்கருக்கும் குதிரை இல்லையென்றால் ஆட்சி இல்லை. அந்தக் குதிரையின் விலை கீழே இருக்கும் இதே வயலில் விளைந்தது. வரைந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்.

இன்னொரு பக்கம் போர்க்காட்சி. 1532இல் விஜயநகரத்து அச்சுதராயரின் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் தாமிரபரணிக் கரையில் நடந்த சண்டை இது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். யானை, குதிரை, வரிசை வரிசையாகக் காலாள். முகங்களைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே கண், ஒரே மூக்கு. யார் பக்கம் யார் என்று தலைப்பாகையை வைத்துத்தான் பிரிக்கவேண்டியிருக்கிறது.

இறங்கிவந்து 200 ரூபாய் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சம்பளம் வருதும்மா. கொஞ்சந்தான், ஆனா வருது. இத வாங்கினா நாளைக்கு வர்றவங்ககிட்ட எதிர்பார்க்கத் தோணும்." நெற்றி வீக்கத்துக்கு விபூதி பூசிவிட்டார். கேட்டைப் பூட்டி, பூட்டை இழுத்து இரண்டு தடவை பார்த்தார். தாத்தாவும் அப்படித்தான் இழுத்துப் பார்ப்பார்.

பிப்ரவரி 8, ஞாயிறு. கிருஷ்ணாபுரம், சீவலப்பேரி, நெல்லை

காலையில் பனி, ஒன்பது மணிக்கே சுள்ளென்று வெயில்.

கிருஷ்ணாபுரம் நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கிறது. வெங்கடாசலபதி கோயில். மதுரையில் விசுவநாத நாயக்கருக்குப் பின் ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டியது, 1567இல் விஜயநகரத்துச் சதாசிவராயர் பேரில் செப்பேடு கொடுத்துக் கோயிலுக்கு ஊர்கள் விட்டார்கள். சிற்பங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நகத்தின் பிறை வரைக்கும் செதுக்கியிருக்கிறது என்பது உண்மைதான். நான் நின்றது ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குறவன் முன்னால். அவன் விலா எலும்பு தெரிய மூச்சு வாங்குகிறான், பின்னால் குதிரைவீரர்கள் துரத்துகிறார்கள். அரண்மனைக் காவலைத் தாண்டி ஒருத்தன் அவளைக் கொண்டுபோகிற கதையை அரசாங்கமே பணம் கொடுத்துக் கோயில் மண்டபத்தில் செதுக்க வைத்திருக்கிறது. அன்றைக்கு மலைக்குறவனும் குறத்தியும் பாட்டிலும் கூத்திலும் கல்லிலும் நடுமேடைக்கு வந்துவிட்டார்கள். அவர்களை வரப்பில் விட்டு வைத்திருந்த அதே சமூகம் அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டும் இருக்கிறது.

இந்த நாயக்கர்கள்தான் பாளையம் பிரித்தார்கள். மதுரைச் சீமையை 72 பாளையமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவன். அவன் படை வைக்கவேண்டும், கப்பம் கட்டவேண்டும், சுற்று வட்டாரத்துக்குக் காவல் இருக்கவேண்டும். விசுவநாதரோடு இதைச் செய்தவர் தளவாய் அரியநாத முதலியார். ஊரளவில் இருந்தால் தலக்காவல், பரந்த வட்டாரத்துக்கு என்றால் திசைக்காவல். ஊரில் களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்டவேண்டும். அதற்காக விளைச்சலில் அவனுக்குப் பங்கு. தாத்தாவின் குலுக்கை நெல்லுக்கு மூலம் இதுதான். பாளையக்காரர்கள் பலம் கூடக்கூட, காவல் பணம் கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போவதும் நடந்திருக்கிறது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

அங்கிருந்து சீவலப்பேரி. மூன்று ஆறு கூடும் இடம், பழைய முக்கூடல். திரும்பும் பஸ் பன்னிரண்டரைக்கு என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். அது ஞாயிற்றுக்கிழமை ஓடாத பஸ். இரண்டு மணி நேரம் வெயிலில். போதாததற்குச் செருப்பு வார் அறுந்தது. ஊக்குக் குத்திச் சமாளித்து வரப்போரமாக நடந்தேன்.

பிசான அறுப்பு சில வயலில் தொடங்கிவிட்டது. அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு 2,400 ரூபாய் வாடகையாம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் துண்டைத் தட்டி விரித்து, "இதுல உக்காருங்க, கட்டெறும்பு கெடக்கு" என்றார். சின்ன வயதில் அரிவாளோடு இதே வயலில் இறங்கியவர். கூலி நெல் எத்தனை மரக்கால், எந்த நெல்லுக்கு எத்தனை நாள் என்று விரல் மடக்கிச் சொன்னார். நெல்லின் பேர்களைச் சொல்லும்போது அவர் குரல் பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

இந்த ஊரைப் பற்றித்தான் முக்கூடற்பள்ளு. பள்ளர் குடியைச் சேர்ந்த ஒருவன், அவனுடைய இரண்டு மனைவிமார், மேலே பண்ணைக்காரன். மழை வரும் குறியும் மாட்டு வகையும் நெல் வகையும் அதில் அத்தனை அழகு. அதே நூலில், வேலையில் தவறினான் என்று பண்ணைக்காரன் அவனைக் கால் பூட்டும் தொழுமரத்தில் மாட்டி வைக்கிறான். மனைவி கெஞ்சி விடுவிக்கிறாள். சிரிப்புக்காகப் பாடியிருக்கிறார்கள் என்று ஆசிரியர் வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறது. இந்த வயல் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வரவில்லை. கோபுரம், குதிரை, கப்பம், காவல் எல்லாம் அவன் அறுத்துக் கொடுத்த நெல்லிலிருந்து போனது. மரத்தில் மாட்டப்பட்ட அவன் காலுக்கு மட்டும் எந்தத் திசைக்காவலும் வரவில்லை.

பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை. அவரே சொன்னார்: "எங்க அய்யா களத்துக்கு வெளிய நின்னுதான் கூலி வாங்குவாரு. எம் மவன் இப்ப பாங்குல இருக்கான்." சொல்லிவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயில். கால் வலியோடு சுருக்கமாகத்தான் பார்த்தேன். இரண்டு சன்னதியையும் சேர்க்கும் நீளமான சங்கிலி மண்டபம் 1647இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. மதுரை நாயக்கர் சார்பில் இந்தச் சீமையை நிர்வாகம் செய்தவர். அவர் பேர் நாளைக்குத் திருச்செந்தூரிலும் வரும். வெளியே வந்து வரிசையில் நின்று அல்வா. நூறு கிராம் வாங்கி வாழையிலைத் துண்டில் வைத்துத் தெருவிலேயே நின்று சாப்பிட்டேன். சூட்டில் கையெல்லாம் நெய். புதுச் செருப்பு 260 ரூபாய்.

பிப்ரவரி 9, திங்கள். திருச்செந்தூர், காயல்பட்டினம், மணப்பாடு

தைப்பூசக் கூட்டம் ஓய்ந்துவிட்டதால் திருச்செந்தூரில் கடலைப் பார்க்க இடமிருந்தது. போர்ச்சுகீசியரோடு போட்டியில் இருந்த டச்சுக்காரர்கள் 1640களின் கடைசியில் இந்தக் கோயிலையே பிடித்து வைத்துக்கொண்டார்கள். போகும்போது உற்சவ மூர்த்தியைக் கப்பலில் தூக்கிப் போனார்கள், புயல் அடித்ததும் பயந்து கடலில் போட்டார்கள், வடமலையப்ப பிள்ளையன் கனவு கண்டு, எலுமிச்சம்பழம் மிதந்து கருடன் வட்டமிட்ட இடத்தில் 1653இல் எடுத்துவந்தார் என்று கோயில் வரலாறு சொல்கிறது. ஐரோப்பாவில் மூண்ட பகைக்கு இங்கே முருகன் கடலடியில் கிடந்திருக்கிறார். நாழிக்கிணற்றில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம் இந்தக் கதையைத் தங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பையன் ஒரே கேள்விதான் கேட்டான்: "முருகனுக்குக் குளிரலயா?"

காயல்பட்டினத்துக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தெருக்களுக்கு நடுவே சிறிய முடுக்குகள். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர அவை. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறார், வீடு மகளுக்கு. கப்பலேறிப் போன ஆண் எப்போது திரும்புவான் என்று தெரியாத ஊரில், பெண்ணின் கையில் வீடு இருப்பதுதான் பத்திரம். இதைவிடப் பொருத்தமான காவல் ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. கல்தூண் வைத்த பழைய பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வயதான ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். காக்கா (அங்கே அண்ணன் என்று அர்த்தம்) என்று கூப்பிடும்படி அவரே சொன்னார். வீட்டுக்கு அழைத்துப்போய்த் தன் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே தேங்காய்ப்பால் கஞ்சி, இறால் வைத்த வாடா. அந்த அம்மா தன் உம்மா கைப்பட எழுதிய ஒரு நோட்டைக் காட்டினார். எழுத்து அரபு, வாசித்தால் தமிழ். எழுத்துக் கூட்டி வாசித்தபோது அது தாலாட்டு என்று எனக்கே புரிந்தது.

காக்காவிடம் தயங்கித் தயங்கி 1530களைப் பற்றிக் கேட்டேன். முத்துக்குளிப்பில் கடற்கரைப் பரதவருக்கும் இங்கத்து முஸ்லிம் வியாபாரிகளுக்கும் சண்டை முற்றிய காலம். காதணியோடு காதை அறுத்தார்கள் என்பதில் தொடங்கிப் பெருங்கலவரமானது என்பார்கள். பரதவர் தூதுக்குழு கொச்சிக்குப் போய் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டது. வழிகாட்டியவர் ஜோவான் த குரூஸ் என்ற குதிரை வியாபாரி. (திருப்புடைமருதூர்க் கப்பல் நினைவுக்கு வந்தது.) 1536, 37இல் ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது, சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. காக்கா கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "எங்க பக்கம் ஒரு மாதிரி சொல்வாங்கம்மா, அவங்க பக்கம் ஒரு மாதிரி. கடல் ஒண்ணுதான். இப்பவும் அவங்க மீனு, நம்ம சட்டி." பஸ் ஏற்றிவிட அவரே வந்தார்.

மணப்பாட்டில் காற்று வேறு மாதிரி, உப்பும் மணலுமாக முகத்தில் அறைகிறது. மணற்குன்றின் மேல் 1581இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம். கீழே பாறைக்குகையில் பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த இடம், உள்ளே நல்லதண்ணீர்க் கிணறு. அலை வந்து மோதும் பாறைக்குள் உப்பில்லாத தண்ணீர். குடித்துப் பார்த்தேன், சத்தியமாக இனிப்பு.

சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தார். அவர் வந்த பிறகும் மக்கள் தப்பவில்லை. 1544இல் வடக்கிலிருந்து வந்த வடுகப் (தெலுங்கர்) படை கரையூர்களில் புகுந்தது. ஜனங்கள் கன்னியாகுமரிப் பக்கம் கடல் பாறைகளில் ஏறிப் பட்டினி கிடந்தார்கள். அவர் தோணியில் சாப்பாடு கொண்டுபோக முயன்றார். காவலுக்கு என்று மதமே மாறியவர்களுக்கும் காவல் வந்து சேர நாளாகியிருக்கிறது. விலை மட்டும் உடனே போய்விட்டது. முத்துக்குளிப்பில் வரி 'கல்' கணக்கு. காலில் கல்லைக் கட்டி இறங்குகிற ஆளுக்கு அந்தக் கல்லே வரிக்கும் அளவு. இத்தனை கல் நாயக்கருக்கு, இத்தனை ராமநாதபுரம் சேதுபதிக்கு என்று மேலே பங்கு பிரித்தார்கள். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனதும் அவர்களுக்கு. மூச்சை அடக்கி இறங்கியவனின் நுரையீரல் ஒன்றுதான் மாறாமல் இருந்தது.

ஆனால் அந்த ஜனங்கள் வெறுமனே காவல் கேட்டு நின்றவர்கள் என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. அன்றிக்கே அடிகள் என்று இங்கே சொல்லும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியார், புன்னைக்காயலை மையமாக வைத்துத் தமிழ் படித்தார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானது. இந்தியாவிலேயே இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகம் தமிழில் வந்தது இப்படித்தான். தமிழ் அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்த முத்துக்குளித்துறை மக்கள். மணப்பாட்டு வலைக்கூடத்தில் நண்டு ஆய்ந்துகொண்டிருந்த மாமி ஒருவரிடம் இதைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார். "எங்க முத்தா முதப் புத்தகமா ஆச்சு?" என்றார். இரண்டு நண்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். லாட்ஜில் சமைக்க முடியாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. திருச்செந்தூர் டீக்கடையில் கொடுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம், கடைக்காரரும் நானுமாக.

பிப்ரவரி 10, செவ்வாய். பாஞ்சாலங்குறிச்சி

தூத்துக்குடி, உப்பளம், அப்புறம் கரிசல். பச்சை மறைந்து பூமி கறுத்துப்போகிறது. ஒட்டப்பிடாரம் தாண்டி பஸ்ஸில் நானும் ஒரு கோழிக்கூடையும்தான்.

1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டைக்குப் பக்கத்தில் பழைய கோட்டையின் அடித்தளம் இருக்கிறது. உண்மையில் நான் வந்தது அதற்காகத்தான். முழங்கால் உயரச் சுவர். இதற்குள்ளிருந்துதான் கட்டபொம்மன் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 'முடியாது' என்றான். 1792 ஒப்பந்தத்தில் பாளையங்களின் கப்பத்தை வசூலிக்கும் உரிமை ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்குப் போனது. அதுவரை கப்பத்தைத் தள்ளிப்போடலாம், பேரம் பேசலாம், கெட்ட மழைக்குக் குறைக்கச் சொல்லலாம். புதிதாக வந்தவர்கள் தேதி பார்த்தார்கள். 1799 அக்டோபர் 16இல் கம்பெனித் தளபதி பானர்மன் கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்டான். மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண்முன்னால் நடத்தினான். 1801 பிப்ரவரியில் அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிவந்து, இடித்த கோட்டையைச் சில நாளில் மண்ணைக் குழைத்து மறுபடி எழுப்பினான். மே 24இல் அதுவும் விழுந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கி உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். பாளையக்காரர்களின் ஆயுதத்தைப் பறித்தார்கள், திசைக்காவலும் போனது. 1803இல் மிஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாகிவிட்டன. இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ஊரும் பாளையமும் பேசிப்பேசி நடத்திய ஏற்பாடு சில மாதங்களில் முடிந்தது. அதில் கொடுமையும் இருந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் பேரம் பேச ஒரு ஆள் பக்கத்து ஊரிலேயே இருந்தான்.

வெயில் மண்டையைப் பிளந்தது. மணி பதினொன்றுதான். கோட்டைக்கு எதிரே பனையோலைக் கூரை போட்ட டீக்கடையில் ஒதுங்கினேன். கடையில் ஒரு ஆச்சி. கருப்பட்டிக் காபி 15 ரூபாய், அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு 60. கிழங்கின் நாரை எப்படி உரிப்பது என்று எனக்கு மறந்துவிட்டதைப் பார்த்து, வாங்கி உரித்து, நடுக்குருத்தை எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தார்.

1801 சண்டையில் கம்பெனிப் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பின்னால் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு சம்பவம் வருகிறது. கோட்டை விழுந்த பிறகு ஒரு தாய் மகனைத் தேடிப் போகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் மகனை விட்டுவிட்டு அவனைத் தூக்கிப்போகிறாள். தேடிக்கொண்டு, கம்பெனிப் பக்கம் இருந்த எட்டையபுரத்து ஆட்கள் வருகிறார்கள். வெள்ளைத் துணியால் மூடி, அம்மையில் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள் பெண்கள். வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள். எதிரிப்படைக்காரன் மறக்காமல் எழுதிவைத்தது இது.

ஆச்சிக்கு இந்தக் கதை தெரியுமா என்று கேட்டேன். தெரியாமலா! எங்கள் பக்கத்து ஊர்தான் அது என்றார். துணியை எப்படி மூடினார்கள், வேப்பிலையை எங்கே செருகினார்கள் என்று கை காட்டிச் சொன்னார். வெல்ஷ் எழுதியதில் வேப்பிலை கிடையாது.

"அந்த அம்மா பேர் என்ன, ஆச்சி?"

"தெரியாதே, தாயி."

"மகன் பேராவது?"

"அவனுக்கு யாரு கல்லு நட்டா, பேரு தெரிய?" காபி டம்ளரை எடுத்துக் கழுவப்போனவர், திரும்பி நின்றார். "அவ வீட்டுக்குப் போனதுக்குப் பொறவு மறுபடி மவனத் தேடி வந்தாளாம். எங்க அம்மா சொல்லுவா. அதுக்குள்ள எல்லாரையும் சேத்துப் புதைச்சிட்டாவளாம்."

பஸ் வந்து ஆரன் அடித்தது. கிளம்பினேன். ஒட்டப்பிடாரம் வந்த பிறகுதான் தெரிந்தது, குடையைக் கடையிலேயே விட்டுவிட்டேன். கண்டக்டரிடம் சொன்னேன். "நாலரை மணி வண்டில திரும்பப் போவேன், வாங்கி வச்சிருக்கேன், ஆறு மணிக்கு ஸ்டாண்டுல வந்து வாங்கிக்கிடுங்க" என்றார். ஆறு மணிக்குப் போனேன். குடைக்குள் ஓலையில் கட்டின பனங்கிழங்கும் ஒரு கட்டு இருந்தது.